தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மட்டும்

டீ வேண்டாம் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரியமாகப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது எனக்கு வெகுநாள் பழக்கம். நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. இந்த வருஷம் ஆகஸ்டில் இதே ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். சாணார்பட்டிப் பக்கம் கருப்புசாமி என்கிற பூ விவசாயி தன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோன விஷயம். அப்போது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அதில் இரண்டு சொற்கள் தப்பாகப் பதிவாகிவிட்டன. அவற்றை மாற்றி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன். நீங்கள் இங்கே புதிதாக வந்தவர் என்றார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பதற்றமாக இருப்பதுபோல் தெரிகிறதா? பதற்றம் இல்லை, பயம். இரண்டும் வேறு. எதன்மேல் பயம் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை நீங்கள் சரியாகக் கேட்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்திலும் நான் விடையை முதலில் சொல்கிற டீச்சர் இல்லை.

என் பெயர் மெஹராஜ். திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். எங்கள் அத்தா, அதாவது தகப்பனார், தோல் வியாபாரி. சின்ன வயதிலேயே தகப்பன் மௌத்தாகி, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வளர்ந்தவர். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். பிற்பாடு சொந்தமாக வியாபாரம் செய்து நன்றாக இருந்தார். கடைசிக் காலத்தில் தன் சொத்தில் ஒரு பகுதியை எழுதிவைத்துக் கல்வி அறக்கட்டளை ஒன்றை உண்டாக்கினார். காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கட்டணம், விடுதி, புத்தகம், எல்லாம் படிப்பு முடிகிறவரை அதிலிருந்து போகும். ஜாதி மதம் பார்க்கக் கூடாது. மார்க்கூடப் பார்க்கக் கூடாது, பாஸாகியிருந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனைதான். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மட்டும்.

அத்தாவுக்கு மனிதர்களைத் தெரியும். அதனால் நடைமுறையையும் அவரே எழுதிவைத்தார். செயலாளர் பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அப்புறம் பிள்ளை கமிட்டி முன்னால் நின்று, தன் தகப்பனை எப்படி இழந்தது என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பொய் என்றால் அந்த இடத்தில் நாக்கு புரளாது என்பது அவர் நம்பிக்கை. கடைசியில் செயலாளர் அடியில் ‘விசாரித்தேன், உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். அந்தச் செயலாளர் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று ஊரில் என்னைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு பொய்யான ஆளுக்கு நான் கையெழுத்துப் போட்டால், ஒரு உண்மையான பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறேன் என்று அர்த்தம்.

என் தம்பி முகமது பாரூக் பொருளாளர். இளகிய மனசு. தகப்பன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், படுத்த படுக்கையாக இருக்கிறான் என்று யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து அழுதால் அவனும் சேர்ந்து அழுவான். “அக்கா, அந்தாளு ஓடிப்போயிட்டான், உசுரோட இருக்கானான்னே தெரியலன்னு எழுதிருங்க. யாரு போயிப் பாக்கப் போறா?” என்று கேட்பான். அத்தா எழுதிவைத்ததை மாற்ற எனக்கோ அவனுக்கோ என்ன அதிகாரம் இருக்கிறது? இருக்கிற மனிதனை இல்லை என்று எழுத எனக்குக் கை வராது சார். அது அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வராது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தஹ்சீன் என்று ஒரு பிள்ளை வந்தாள். என்னிடமே கணக்குப் படித்தவள். பி.காம். சேர ஆசை. தகப்பன் பிரியாணிக் கடையில் விறகடுப்பு வேலை பார்த்து நுரையீரல் கெட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் இருந்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வருஷம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வேடசந்தூர் பக்கத்து நூல் மில் வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து சலாம் சொல்லி, அத்தா இப்போது நடமாடுகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. இனி ஒரு பிள்ளையை அப்படி அனுப்புவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் ஜூலையில் பவித்ராவின் மனு வந்தது. நர்ஸிங் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை. கவுன்சிலிங்கில் முதல் சுற்றில் இடம் கிடைக்காமல், ஒரு தனியார் காலேஜில் கேட்டுவைத்திருந்தார்கள். விதிப்படி நான் வீட்டைப் பார்க்கப் போனேன். தோட்டத்துக்குள்ளேயே வீடு. வீட்டைச் சுற்றிச் சம்பங்கி. தகப்பன் கருப்புசாமி விடியுமுன்னே பூப் பறித்து, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். நல்ல மனிதர். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். குடி கிடையாது, கடன் வாங்கிச் சீட்டாடுகிற ஆளும் இல்லை. மகள் பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மனுவில் ‘தகப்பன் விவசாயி’ என்று இருந்ததை எங்கள் ஆபீஸ் பையன் கவனிக்காமல் என்னிடம் அனுப்பிவிட்டான். நான் நிபந்தனையைச் சொன்னேன்.

அவருக்கு முகம் சுருங்கவில்லை. சிரித்தார். “அப்ப நான்தான் குறுக்க நிக்கிறேனா டீச்சரம்மா?” என்றார். அவர் சம்சாரம் சின்னக்கண்ணு, என்ன பேச்சு இது என்று அதட்டினாள். அவர் விடவில்லை. “நெசமாத்தான். இவ படிப்புக்கு என் உசுரக் கேட்டாலும் குடுத்துருவேன். கேக்கத்தான் ஆளில்ல.”

இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் சார். ஒரு மனிதர் தன் சம்சாரத்தையும் மகளையும் வைத்துக்கொண்டு, தெளிந்த புத்தியோடு, தானாகச் சொன்ன வார்த்தை. எல்லாத் தகப்பனும் சொல்கிறதுதானே என்று பாரூக் சொல்வான். எல்லோரும் சொல்வதால் அது பொய்யாகிவிடுமா?

திரும்பும்போது வரப்பு வழியாக வந்தேன். கிணறு அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில் மாடு கட்டி இறைத்த கமலைக் கிணறு. சதுரமாக வெட்டியது, சுற்றிலும் சுவர் கிடையாது. அடியில் ஒரு மூலையில் மட்டும் பச்சையாகத் தண்ணீர், மிச்சமெல்லாம் பாறை. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் வேறு யோசனையே இல்லை. தொழுகையில் நின்றாலும் அதுதான். கணக்கில் ஒரு பக்கத்தைத் தொடக் கூடாது என்றால், சமமாக்க மறுபக்கத்தைத்தான் தொட வேண்டும். அத்தாவின் எழுத்தைத் தொடக் கூடாது. பொய் எழுதக் கூடாது. பிள்ளையை மில்லுக்கு அனுப்பக் கூடாது. இந்த மூன்றும் மாறாது என்றால் மாறக்கூடியது எது என்று நீங்களே பாருங்கள். நான் யார்மேலும் கோபப்படவில்லை. கோபத்தில் செய்கிற காரியத்தில் பிழை வரும்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை கருப்புசாமி போன் பண்ணினார். “டீச்சரம்மா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஒரு விசயம் இருக்கு. போன்ல சொன்னா நல்லாருக்காது” என்றார். கெஞ்சத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் இரண்டாவது தடவை கெஞ்சத்தான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஏறிப் போனேன். அன்றைக்கு ஏறும்போது இதை முடிவு செய்துகொண்டு ஏறினேனா என்று என்னை நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். முடிவு செய்யவில்லை. ஆனால் வழக்கமாகப் போடுகிற குதி உயர்ந்த செருப்பை விட்டுவிட்டு, தரையைப் பிடிக்கிற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். பவித்ரா சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். சின்னக்கண்ணு பால் வாங்கப் போயிருக்கிறாள், இன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தே ஆக வேண்டும் என்றார். குடிக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமே என்றேன். “இன்னைக்குக் குடிப்பீங்க” என்று சொல்லி, ஏதோ விளையாட்டுக் காட்டுகிற பிள்ளைபோல் சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்கலாம்.

“அவளும் வந்துரட்டும். எல்லாருமா இருக்கயிலதான் சொல்லணும். அதுவரைக்கும் தோட்டத்தப் பாருங்க” என்று முன்னால் நடந்தார். பூவைக் காட்டினார். பிறகு கிணற்றைக் காட்டினார். வெள்ளை பனியன் போட்டிருந்தார், முதுகு வேர்த்து ஒட்டியிருந்தது. ஓரத்துக்குப் போய்க் குனிந்து, போன மழைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கையை நீட்டிக் காட்டினார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன். தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. என் உள்ளங்கையில் அவர் வேர்வை இருந்தது, அவரைக் காணோம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு உயிர் இருந்தது. கீழேயிருந்து குரல் வந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“டீச்சரம்மா,” என்றார். “கிட்ட வராதீங்க. ஓரம் சரியில்ல. மண்ணு சரிஞ்சிருச்சு போல. தள்ளி நில்லுங்க.”

நான் தள்ளி நின்றேன் சார். அவர் சொன்னபடி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். கயிறு மோட்டார் ரூமில் இருக்கிறது என்றார். செத்த நேரத்தில் சின்னக்கண்ணு வந்துவிடுவாள், நீங்கள் பயப்படாதீர்கள் என்றார். எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். என் கைப்பையில் போன் இருந்தது. ஆம்புலன்ஸ் நம்பர் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மோட்டார் ரூம் கதவு திறந்துதான் கிடந்தது, சுருட்டிவைத்த கயிறு நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நான் எதையும் தொடவில்லை. அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் கேட்டார். பிறகு பவித்ரா பவித்ரா என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. சின்னக்கண்ணு பால் தூக்கோடு வரப்பில் வருவது தெரிந்ததும் நான் கத்தினேன். அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. அவ்வளவு நேரமும் உள்ளே இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

ஆட்கள் கட்டிலைக் கட்டி இறக்கினார்கள். மேலே வந்தபோது உயிர் இல்லை. உங்கள் ஏட்டையா வந்து மரியாதையாகத்தான் விசாரித்தார். வயசான அம்மா, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு நாற்காலி போடச் சொன்னார். “கால் வழுக்கியாம்மா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதினார். வாயால் நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்கு மேலே பொய் இருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். சின்னக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பவித்ரா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் சின்னக்கண்ணு அந்த விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு விடிகாலையில் பவித்ராவின் போனுக்குச் செய்தி வந்ததாம். இரண்டாவது சுற்றில் அரசுக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே கட்டணம் சொற்பம்.

“பூ வித்தே கட்டிருவேன்னாரு. ‘கேக்குறத போன்ல கேக்கலாம், வேண்டாங்குறத நேர்ல கூப்புட்டு வச்சுத்தான் சொல்லணும். டீச்சரம்மா பணம் அப்பனில்லாத புள்ளைக்குப் போவட்டும். நம்ம இனி மனு போட்டவங்க இல்லைல்ல, அதனால இன்னைக்கு அவங்க நம்ம வீட்டுக் காப்பியக் குடிப்பாங்க’ன்னாரு. அதுக்குத்தான் நான் பாலுக்குப் போனேன். ஒரு வாய் குடிக்காமப் போயிட்டீகளே.”

முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார். வாசலில் வைத்தே சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. இப்படிப்பட்ட விஷயத்தில் மனிதர்கள் சம்சாரம் வரட்டும், பால் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை நான் அன்றிலிருந்து எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிவிட்டேன். யார்மேல் தப்பு என்று பார்க்கப்போனால் கொஞ்சம் அவர்மேலும் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் போன பிறகு பூப் பறிக்க ஆளில்லை. கட்டணம் சொற்பமானாலும் விடுதிக்கும் புத்தகத்துக்கும் அவர்களிடம் ஒன்றுமில்லை. நான் படிக்கப் போகவில்லை, அம்மாவோடு தோட்டத்தில் நிற்கிறேன் என்று பவித்ரா சொல்லிவிட்டாள். ஆக, இப்போது அவளுக்கு உதவி உண்மையாகவே வேண்டும். உண்மையாகவே தகுதியும் இருக்கிறது. நான்தான் புது மனு எழுதவைத்தேன். கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக்குள் விடுதிக்குக் கட்டாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான்.

போன மாதம் கமிட்டி முன்னால் வந்து நின்றாள். விதிப்படி கேள்வி கேட்க வேண்டியது நான். உன் தகப்பனை எப்படி இழந்தாய் என்று கேட்டேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோபோல் கேட்டது. அவள் அழவில்லை. கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. “டீச்சரம்மா கடைசி வரைக்கும் கூடவே இருந்தாங்க. எங்கப்பா தனியாச் சாகல. எங்களுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்” என்றாள். பாரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை என் பக்கம் தள்ளினான். ‘விசாரித்தேன், உண்மை’ என்று எழுத வேண்டும். என்னால் எழுத முடியவில்லை. நான் விசாரித்திருக்கிறேன், அவள் சொன்னது உண்மை இல்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இன்னும் போடவில்லை. பணம் அப்படியே நிற்கிறது. அக்காவுக்கு என்ன ஆச்சு என்று பாரூக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

இப்போது அந்தப் பயத்தைச் சொல்கிறேன். நீங்கள் நினைப்பதுபோல் ஜெயில் பயம் இல்லை. ஆண்டவனிடம் என்ன பதில் சொல்வேன் என்கிற பயம் இருக்க வேண்டும், அதுகூட இவ்வளவு இல்லை.

போன வாரம் வேடசந்தூர் பக்கம் எரியோடு என்கிற ஊருக்குப் போனேன். ரஃபியா என்று ஒரு பிள்ளை. பி.எஸ்ஸி. கணிதம். தபாலில் மனு அனுப்பியிருந்தாள். தகப்பன் இருக்கிறார் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தாள், மறைக்கவில்லை. நிராகரித்துத் திருப்பி அனுப்ப வேண்டிய மனு. வீட்டுக்குப் போகவே தேவையில்லை. ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்தேன், அந்த ரப்பர் செருப்பைப் போட்டேன், பஸ் ஏறினேன். தகப்பன் பெயர் இஷாக், கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர், தன் வீட்டைப் பாதியில் நிறுத்திவைத்திருக்கிறார். வறுமையைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். கைப்பிடிச் சுவர் எழுப்பாத மாடி. கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் ஓரத்தில் நின்று, எதிர்த்த வீட்டைக் கட்டியதும் நான்தான் என்று காட்டிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம் இருந்தது.

என் வலது கை எழுந்தது சார். நான் எழுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்குமே, அப்படித் தானாக எழுந்தது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது, அவரைத் தொடுவதற்கு முன்னாலேயே. அந்த நேரம் அவர் திரும்பிப் பார்த்தார்.

“பாத்து நில்லுங்கம்மா,” என்றார். “ஓரத்துல நிக்காதீங்க. தள்ளி வாங்க.”

படியில் நான் நடந்து இறங்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கினேன். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ‘செருப்பு, செருப்பு’ என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வெளியே போகிற நேரமெல்லாம் இந்தக் கையால் பையைப் பிடித்துக்கொள்கிறேன். வெறுங்கையாக விடுவதில்லை. பாரூக் ஜன்னல் பக்கம் நின்று போன் பேசினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். அவனுக்கும் மகள் இருக்கிறாள், அடுத்த வருஷம் காலேஜ். இதோ பாருங்கள், இப்போதுகூடப் பையைத்தான் பிடித்திருக்கிறேன். நீங்கள் சற்று முன்னால் அந்த ஜன்னலோரம் போய் நின்றீர்களே, அப்போது இன்னொரு கையையும் பைமேல் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அது என் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு டாக்டரிடம் போய்க்கொள்ளலாம். நான் வந்தது அதற்காக இல்லை. அந்த இரண்டு சொற்களுக்காகத்தான். மாற்றுடுப்பு, மாத்திரை, தொழுகை விரிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பையைச் சோதித்துக்கொள்ளுங்கள். பாரூக்கிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால் போதும்.

பழைய வாக்குமூலத்தில் ‘கருப்புசாமி கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்து இறந்தார்’ என்று இருக்கும். அதில் ‘கால் வழுக்கி’ என்பதை அடித்துவிட்டு ‘மெஹராஜ் தள்ளி’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் இரண்டே சொற்கள்தான். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். அவர் கூப்பிட்டபோது கயிறு போடவில்லை என்பதையும் சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அடியில் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் வேண்டும். அதைப் பவித்ராவின் மனுவோடு வைத்துவிட்டால் பிறகு நான் ‘விசாரித்தேன், உண்மை’ என்று தாராளமாக எழுதலாம். எப்படி இழந்தது என்பதில் அத்தா வித்தியாசம் வைக்கவில்லை, இழந்தது உண்மையா என்றுதான் பார்க்கச் சொன்னார். அவள் மனுத் தாளும் பையில்தான் இருக்கிறது. நீங்கள் என்னை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கொடுத்தால் இங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவேன், பாரூக் பணத்தைக் கட்டிவிடுவான். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள் சார், தீபாவளி நெருங்கிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை. என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்.